பொதுச்சுவரில் நின்ற தேவி

சுவர் விழுகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்றுதான் சிப்போராள் அதுவரை நினைத்திருந்தாள். கோதுமை மூட்டையை அவிழ்த்துக் குதிரில் கொட்டுவது போலத்தான் கேட்டது. முன்கட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தவள், நாத்தனார் யோகானி எதையோ கவிழ்த்துவிட்டாள் என்று எண்ணி, "பாத்து மதினி" என்று நிமிராமலே சொன்னாள். யோகானியோ அவளுக்கு எதிரிலேயே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் அடுப்படியைப் பார்த்தார்கள். அங்கே புழுதி நின்றது. புழுதிக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

பெத்செயானில் குளிர்காலத் தேபேத் மாத மழை அப்படித்தான். கில்போவா மலையில் மேகம் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க அதற்கு மனம் வராது. ஆரோத் ஓடை செம்மண் குழம்பாகக் கரை தொட்டு ஓடும். நாடக அரங்குக்குப் பின்னால் இறங்குகிற சந்தில் எல்லா வீடுகளும் கீழே கருங்கல், மேலே சுடாத செங்கல். நாலைந்து நாள் ஊறினால், தான் வெறும் மண் என்பது செங்கல்லுக்கு நினைவு வந்துவிடும்.

யோகானிதான் முதலில் உள்ளே பாய்ந்தாள், மாவுக் கையோடு. அவள் தம்பி, சிப்போராளின் புருஷன் தன்கூம், அடுப்பு வாயில் குனிந்து ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தவன். இப்போது குப்புறக் கிடந்தான். கூரையின் பெரிய விட்டம் அவன் முதுகில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அதன் ஒரு முனை ஒரு பெண்ணின் தலைமேல் நின்றது.

அது பக்கத்து வீட்டு அம்மியாவின் தேவி சிலை. ஊரின் அதிர்ஷ்டத்தைக் காப்பவள். தலையில் மதில் போல ஒரு கிரீடம், இடது கையில் பழம் வழிகிற கொம்பு, வலது கை முன்னால் நீட்டியிருக்கும். பத்து வயதுச் சிறுமியின் உயரம். விழுந்தது பொதுச்சுவர். இந்தப் பக்கம் தன்கூமின் ரொட்டி அடுப்பு, அந்தப் பக்கம் அம்மியாவின் முன்னறை. அந்தப் பக்கத்தில் சுவரைக் குடைந்து செய்த மாடத்தில் தேவி நின்றாள். சந்தைக்குப் போகிறவர்கள் உள்ளே வந்து ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, அம்மியாவின் கையில் அத்தியோ பருப்போ கொடுத்துவிட்டுப் போவார்கள். விதவையான அம்மியாவின் பிழைப்பு அதில்தான் நடந்தது. சுவர் தன்கூம் பக்கமாகச் சாய்ந்தபோது தேவி நின்ற கோலத்திலேயே வழுக்கி வந்து, அடுப்புக்கும் மாவுத் தொட்டிக்கும் நடுவில் நின்றுவிட்டாள். விட்டம் வந்து கிரீடத்தில் உட்கார்ந்தது.

தன்கூமை இழுத்து உட்கார வைத்தார்கள். தோள் கன்றியிருந்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள ரொட்டி இருக்கு, கருகிடும்" என்பது. சிப்போராளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சுவர் இருந்த இடத்தில் இப்போது அம்மியா தெரிந்தாள். தலையில் முக்காடில்லாமல், இடுப்பில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு நின்றாள். "பிடிச்சுக்கிட்டா பாத்தியா" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அந்த வார்த்தை மழையிலேயே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் சந்து நிறைய ஆட்கள். கிரேக்கர், சிரியர், பட்டாளத்துக்காரர்களின் பெண்டாட்டிகள், எல்லோரும் இடிபாட்டில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். நம் தேவி ஒரு யூதனைக் காப்பாற்றினாளாம். யாரோ கிரீடத்தில் மாலை போட்டார்கள். யாரோ மாவுத் தொட்டியின் விளிம்பிலேயே விளக்கு ஏற்றப் போக, யோகானி மாவு தட்டும் பலகையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

தன்கூமுக்கு உடம்பு வலியைவிட இதுதான் வலித்தது. "என்னைக் காப்பாத்துனவர் மேல இருக்காரு" என்றான். "இது சும்மா நடுவுல நின்னுச்சு."

"நடுவுல நிக்கவும் ஒரு ஆள் வேணும்ல" என்றாள் யோகானி. அவன் அக்காளை முறைத்தான்.

சாயங்காலம் ரபி வந்தார். கீழ்வாசல் பக்கத்துப் படிப்பு மண்டபத்தில் யூதச் சட்டம் சொல்கிறவர். நல்ல மனுஷர், குளிர் ஒத்துக்கொள்ளாது, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். வந்ததும் தன்கூமின் தோளைத் தொட்டுப் பார்த்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு விட்டத்தைப் பார்த்தார், அதைத் தாங்கியிருந்தவளைப் பார்த்தார். சிலை தாங்குகிற கூரைக்கடியில் நிற்பதே அதனால் பலன் அனுபவிப்பதாகும், அது நமக்கு விலக்கு, உடனே அடியில் ஒரு மரத்தூண் நிறுத்துங்கள் என்றார். தன்கூமும் சந்துக்காரர்கள் இருவரும் அத்திமரக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்தார்கள். விட்டம் கிரீடத்தை விட்டு ஒரு விரல்கடை எழும்பியது. அதன் பிறகுதான் ரபி உட்கார்ந்தார்.

"அதே இடத்துல கட்டக்கூடாது தன்கூம்" என்றார். "பாதிச் சுவர் உன்னுது, பாதி அவளுது. நீ கட்டினா அவ கோயிலுக்கும் சேத்துக் கட்டுன மாதிரி. உன் பக்கம் நாலு முழம் தள்ளி வந்து கட்டிக்கோ."

"நாலு முழம் தள்ளினா அடுப்பே போச்சுங்க ஐயா."

"தெரியுது."

"விட்ட இடத்தை?"

"முள்ளைப் போட்டு அடைக்கணும். சும்மா விட்டா கோயில் பெருசாயிடும்."

யோகானி ஈர மாவைக் கையிலிருந்து உரித்தபடி, அப்படியானால் இனி முள் விற்றுப் பிழைக்கலாம் என்றாள். ரபிக்குக் கோபம் வரவில்லை. அவர் வீட்டுக்கும் ஓய்வுநாள் ரொட்டி இங்கிருந்துதான் போகும். சந்திலும் கீழ்த்தெருவிலும் இருந்த யூதக் குடும்பங்களுக்கு வேறு ரொட்டிக்காரன் கிடையாது. கிரேக்கன் சுட்டதை அவர்கள் வாங்க மாட்டார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் இன்னொரு வழியும் இருப்பதாகச் சொன்னார். சிலையைக் கும்பிடுகிறவர்கள் தங்கள் கையாலேயே அதைச் செல்லாததாக்கிவிட்டால், அதன் பிறகு அது வெறும் கல். மூக்கு நுனி, காது நுனி, விரல் நுனி, ஏதாவது ஒன்றைத் தட்டி எடுக்க வேண்டும். முகத்தில் துப்புவது, தெருவில் இழுப்பது, சாணி அடிப்பது எல்லாம் சேராது. அதெல்லாம் கோபம். கோபம் தணிந்ததும் திரும்பக் கும்பிடுவார்கள்.

"விழுந்ததுல சுண்டுவிரல் போயிருக்கே" என்றாள் யோகானி.

"தானா உடைஞ்சதுல பெரியவங்களுக்குள்ள ரெண்டு பேச்சு இருக்கும்மா. அதை நம்பி அடுப்பு போட வேண்டாம்."

"நாம ராவோட ராவா தட்டிட்டா?"

"நாம தட்டினா அது கல்லு உடைச்சதுதான்."

ரபி போன பிறகு யோகானி மாவுத் தொட்டியிலிருந்து செங்கல் துண்டுகளைப் பொறுக்கினாள். அம்மியாவிடம் நான் கேட்கமாட்டேன் என்றான் தன்கூம். கேட்க முடியாது என்பது சிப்போராளுக்கு அவனுக்கு முன்பே தெரியும்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மியா அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். அம்மியாவின் பண்டிகை நெருங்கினால் யூதர்கள் அவளோடு கொடுக்கல் வாங்கல் வைக்கமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு வாரம் முன்னாலேயே வந்து, "பண்டிகை வருது, நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிடுவீங்க, இப்பவே மாவு குடு" என்று வாங்கிப் போவாள். ஓய்வுநாளான சனிக்கிழமை இவர்கள் வீட்டு வாசலில் கோழி நுழைந்தால்கூடச் சத்தம் போடாமல் ஓட்டுவாள். சிப்போராளின் ஒரே மகன், இப்போது திபேரியாவில் குடும்பமாக இருக்கிறவன், சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தபோது சுவரின் ஒரு விரிசலில் வெளிச்சம் தெரிந்தது. அம்மியா அவனுக்காகத் தேவியிடம் விளக்கு வைத்திருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. சிப்போராள் இந்தப் பக்கம் உட்கார்ந்து வேதத்துச் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளையின் நெற்றி வேர்த்துக் குளிர்ந்தபோது ஆண்டவருக்குத்தான் நன்றி சொன்னாள். ஆனால் அந்த வெளிச்சத்தில்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். அதைத் தன்கூமிடம் இன்றுவரை சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பெரிய அடுப்பை மூட்ட வழியில்லாததால், முற்றத்துக் கரியடுப்பில் இரும்புத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அப்பளம் மாதிரி மெலிந்த ரொட்டிகளைச் சுட்டார்கள். மழையில் கரி புகைந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு என்று கொடுத்தார்கள். வாங்க வந்தவர்கள் ரொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அந்த மௌனத்துக்கு அவர்கள் திட்டியிருக்கலாம் என்றிருந்தது சிப்போராளுக்கு.

அடுத்த வாரத் தொடக்கத்தில் பெரிய கோயிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நகரசபைக்காரர் இருவர், நெய் பூசிச் சுருட்டிவிட்ட தலைமுடியோடு ஒரு பூசாரி. இவ்வளவு சக்தியுள்ள தேவி சந்தில் கோழிகளுக்கு நடுவில் இருக்கக்கூடாது, தூண் வரிசைக்குப் பக்கத்துப் பளிங்குக் கோயிலில் வைக்கப்போகிறோம், மழை விட்டதும் மாட்டுவண்டி வரும் என்று சொன்னார்கள். இது என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருப்பது என்றாள் அம்மியா. தேவி ஊருக்குச் சொந்தம் என்றார் பூசாரி, இடிபாட்டில் கால் வழுக்காமல் கவனமாக இறங்கியபடி.

அவர்கள் போனதும் அம்மியா நேரே தேவியின் முன்னால் வந்து நின்றாள்.

"அவனுக்கு முதுகைக் காப்பாத்தத் தெரியுது. எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியலியா உனக்கு" என்று சொல்லி அதன் முகத்தில் துப்பினாள்.

"துப்பினா செல்லாது அம்மியா" என்றாள் யோகானி, பருப்பில் கல் பொறுக்கியபடி. "மூக்கை உடைக்கணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அம்மியா திரும்பி யோகானியையும் சிப்போராளையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்குச் செல்லாது, யாருக்குச் செல்லாது என்று கேட்டாள். இனி மறைக்க வழியில்லை. யோகானி தலையைக் குனிந்துகொண்டே ரபி சொன்னதையெல்லாம் சொன்னாள், நாலு முழத்தையும் முள்ளையும் சேர்த்து. அம்மியா முக்காட்டு நுனியால் தேவியின் முகத்தைத் துடைத்தாள். பிறகு தன் பக்கம் போய், சுவர் இருந்த இடத்தில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

இரண்டு நாள் அந்தப் போர்வை விலகவில்லை. சிப்போராள் நாத்தனாரோடு பேசவில்லை. யோகானியும் அவள் பங்குக்குப் பேசாமல், செய்ய வேண்டாத வேலைகளையெல்லாம் செய்தாள். மூன்றாம் நாள் காலை மழை கொஞ்சம் ஓய்ந்தபோது, சிப்போராள் மசூர்ப் பருப்பும் வெங்காயமும் போட்டுக் கூழ் காய்ச்சி, எடுத்துக்கொண்டு வாசல் வழியாகச் சுற்றிப் போனாள். போர்வையை விலக்கிப் போகக் கை வரவில்லை.

அம்மியா காலியான மாடத்தின் கீழ் உட்கார்ந்து துடைப்பம் கட்டிக்கொண்டிருந்தாள். கூழை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"மதினி சொன்னதை மனசுல வச்சுக்கிடாதீங்கக்கா" என்றாள் சிப்போராள். "எங்களுக்காக நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கீழ்த்தெருவுல எங்க சித்தப்பாவோட கொட்டகை இருக்கு. அங்க அடுப்பு போட்டுக்கிடலாம்."

"அங்க ஓடைத்தண்ணி ஏறுமே."

"ஏறும். வருஷத்துல கொஞ்ச நாள்தான."

"மாவு மூட்டைய எங்க வைப்ப, தலையிலயா?"

அம்மியா கொஞ்சம் கூழ் குடித்தாள். உப்புப் போதாது என்றாள். பிறகு, கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவ ஒரு நாளும் எனக்குப் பதில் சொன்னதில்ல புள்ள. எங்க வீட்டுக்காரர் போனப்போ மூணு நாள் அவ காலடியிலயே கிடந்தேன். ஒண்ணும் சொல்லல. அதுக்காக நான் கோவிக்கல. காலையில எந்திரிச்சா கூட்டி விடுறதுக்கு ஒருத்தி இருந்தா. மூஞ்சி துடைக்க, எண்ணெய் போட, ஊர்க்கதை சொல்ல ஒருத்தி. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

"இப்பவும் இருப்பாக்கா."

"அந்த நெய்த்தலையன் கொண்டு போயிட்டா எங்க இருப்பா? அங்க என்னைப் படியேற விடுவானா?" அம்மியா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் ரெண்டு நாளா அதைத்தான் யோசிக்கேன். மூக்கில்லாதவளைப் பளிங்குக்குள்ள வைப்பானா அவன்?"

வைக்கமாட்டான் என்று சொல்லச் சிப்போராளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தன் அடுப்புக்காகச் சொன்னதாகிவிடும்.

"உடைச்சா அப்புறம் அவ தேவி இல்லையே அக்கா. வெறும் கல்லுதான" என்றாள் மெதுவாக. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"அது உங்க கணக்கு."

அம்மியா எழுந்து மூலையிலிருந்த மரப்பெட்டியைத் திறந்தாள். செத்துப்போன புருஷன் கல்தச்சன். அவன் உளியும் சுத்தியலும் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தன. போர்வையைத் தானே விலக்கி அந்தப் பக்கம் போனாள். சிப்போராள் பின்னாலேயே போனாள். அடுப்படியில் தன்கூமும் யோகானியும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

"ஏதாவது சொல்லணுமா?" என்று அம்மியா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா."

ஆனாலும் அம்மியா சொன்னாள். தேவியின் கன்னத்தை இடது கையால் பிடித்து, மூக்குத்தி குத்தப்போகிற பிள்ளையிடம் சொல்வதுபோல, "கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி" என்றாள். உளி முதல் அடியில் வழுக்கியது. இரண்டாவது அடியில் மூக்கு நுனி ஒரு கொண்டைக்கடலை அளவுக்குத் தெறித்து மாவுத் தொட்டிக்கு அடியில் உருண்டது.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது மட்டும் கேட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மியா.

"இவ்வளவுதான்."

அம்மியா தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது. ஆனால் வாய் சிரிப்புக்குக் கோணியது. "இப்ப பாத்தா எங்க மாமியா மாதிரியே இருக்கா" என்றாள். யோகானிக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் நால்வரும் சிரித்தார்கள், கன்றிய தோளைப் பிடித்துக்கொண்டு தன்கூமும்.

மழை விட்டதும் மாட்டுவண்டி வந்தது. பூசாரி உள்ளே வந்து பார்த்து, யார் செய்தது என்று கத்தினார். நான்தான் செய்தேன், இவள் என் வீட்டு ஆள் என்றாள் அம்மியா. காயப்பட்ட தேவியைக் கோயிலில் வைத்தால் ஊருக்கு ஆகாது என்று நகரசபைக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். பூசாரி சிறிது நேரம் அந்த மொட்டை முகத்தைப் பார்த்தார். அது அவரைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்திருக்க வேண்டும். விறுவிறுவென்று போய்விட்டார். வண்டி சந்தில் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே ஏறிப் போனது. பிள்ளைகள் அதன் பின்னால் ஓடினார்கள்.

ரபியும் வந்து பார்த்தார். மூக்கைத் தடவினார், தன் மூக்கையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். அம்மியாவிடம், மனதில் என்ன நினைத்து உடைத்தாய் என்று கேட்டார்.

"அது உங்க சட்டத்துல கேட்டிருக்கா?"

ரபி யோசித்தார். "கேக்கல" என்றார்.

"அப்ப நானும் சொல்லல."

ரபி சிரித்துவிட்டார். இனி முன்னறையில் எதைக் கும்பிடப்போகிறாய் என்று மட்டும் கேட்டுவைத்தார். சந்தையில் மண்ணில் செய்த ஒரு சின்ன தேவி வாங்கியிருப்பதாகவும், அவளைப் பின்கட்டில் கோழிக்கூட்டுப் பக்கம் வைத்திருப்பதாகவும், விளக்கு வைக்கிறவர்கள் அந்த வழியாக வந்துகொள்ளட்டும் என்றும் அம்மியா சொன்னாள். முன்னறை இனி வெறும் வீடு. பொதுச்சுவரை இருந்த இடத்திலேயே கட்டலாம் என்று ரபி சொல்லிவிட்டார்.

கொத்தன் வந்து பார்த்துவிட்டு, கிரீடத்தின்மேல் ஒரு கருங்கல்லை வைத்து விட்டத்தை உயர்த்திக்கொண்டால் அந்த முனைக்கு இதைவிட நல்ல தூண் கிடைக்காது, இவளை நகர்த்தினால்தான் வேலை அதிகம் என்றான். கும்பிடுகிறவள் கையாலேயே செல்லாமல் போன கல், கட்டடத்துக்கு ஆகும் என்று ரபியும் ஒத்துக்கொண்டார். யாராவது கேட்டால் மூக்கைக் காட்டுங்கள் என்றார். அம்மியா சரி என்றாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. முட்டுக் கட்டையை எடுத்தார்கள். அவள் முதுகை ஒட்டி, கீழே கருங்கல்லும் மேலே இந்தத் தடவை சுட்ட செங்கல்லுமாகச் சுவர் எழுந்தது. தன்கூம் அந்தப் பக்கப் பாதியையும் தானே சேர்த்துப் பூசினான். அம்மியா கூரைச் சந்துகளில் வைக்கோலும் களிமண்ணும் அடைத்தாள்.

அடுப்பு மூட்டிய முதல் வெள்ளிக்கிழமை, சிப்போராள் மாவில் ஒரு பிடி கிள்ளி, ஆண்டவர் பங்கென்று தீயில் போட்டு ஆசீர்வாதம் சொன்னாள். ரொட்டிகள் உப்பி, பொன்னிறமாகி, சந்து முழுக்க வாசனை போனது. சனங்கள் வரிசையில் நின்று சத்தமாகக் குறை சொன்னார்கள், ரொட்டி சிறுத்துவிட்டது, எள் குறைந்துவிட்டது என்று. சிப்போராளுக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது.

வேலை ஓய்ந்தபோது யோகானி தன் ஈரத் தலைத்துணியை உதறி, தேவியின் நீட்டிய கையில் காயப் போட்டாள். இனி கல்தானே. ரொட்டி வாங்க வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அம்மியா எழுந்து போய் அந்தத் துணியை எடுத்தாள், நாலாக மடித்தாள், யோகானியின் மடியில் வைத்துவிட்டுத் தன் ரொட்டியோடு போய்விட்டாள். யோகானி எதையோ சொல்ல வாயெடுத்தாள். தன்கூம் வேண்டாம் என்று தலையசைத்தான். அதன் பிறகு அந்தக் கையில் ஒருவரும் எதையும் தொங்கவிடவில்லை.

அடுத்து வந்த சேபாத் மாதம் முழுதும் குளிர் விடவில்லை. பாதாம் மரங்கள் பூத்தபின் ஒருநாள் எதிர்பாராமல் பெருமழை பிடித்தது. அம்மியா ஓடையில் துணி அலசப் போனவள், தெப்பமாக நனைந்து நடுங்கியபடி நேரே ரொட்டிக்கடைக்குள் வந்தாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. தன்கூம் ஒதுங்கி இடம் விட்டான். சிப்போராள் சூடான ரொட்டியைப் பிய்த்து ஒலிவ எண்ணெயில் தோய்த்துக் கொண்டுவந்தாள்.

அம்மியா தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி, தண்ணீர் சொட்டச் சொட்டப் பிழிந்தாள். எங்கே போடுவது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு அந்த நீட்டிய கையில் அதைப் போட்டு, சுருக்கம் நீவி, இரண்டு பக்கமும் சரியாகத் தொங்கவிட்டாள்.

"இங்கதான் சூடு நல்லா படுது" என்றாள்.

சிப்போராள் ரொட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் இன்னொரு விறகை வைத்தாள்.